கிரவுச்சிடம் சடை இழுபட்ட அந்த டிஃபெண்டர் அப்புறம் என்ன ஆனார்?

15 ஜூன் 2024, இரவு 9.05 – இழையைத் தொடங்கிய வாசகர்

2006 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பீட்டர் கிரவுச் ஒரு டிரினிடாட் டிஃபெண்டரின் சடையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு தலையால் முட்டி கோல் போட்டாரே, நினைவிருக்கிறதா? அந்த டிஃபெண்டர் பிறகு அந்த நாட்டு விளையாட்டு அமைச்சர் ஆனார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? ஆட்டத்தை விட்டவர்கள் நிர்வாகத்துக்கு வருவதெல்லாம் வெறும் அலங்காரம் என்பது என் எண்ணம். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைப்பார்கள், முடிவை வேறு யாரோ எடுப்பார்கள். இல்லை என்று சொல்ல யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

15 ஜூன், இரவு 11.20

உண்மைதான் தம்பி. பெயர் பிரென்ட் சாஞ்சோ. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பெல்மான்ட் பகுதிக்காரர். 2015 பிப்ரவரியில் அமைச்சரானார். செப்டம்பர் தேர்தலில் ஆட்சி போனது, பதவியும் போனது. மொத்தம் ஏழு மாதம்.

ஜெர்மனியின் நூரம்பெர்கில் அந்தக் கோல் விழுந்ததும் இதே ஜூன் 15ஆம் தேதிதான். தெரிந்து கேட்டீர்களா, தானாக அமைந்ததா?

நான் 2014 முதல் 2016 வரை டிரினிடாடில் இருந்தவன். பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் ஓர் அம்மோனியா ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. பக்கத்து ஊர் கூவா. அங்கேதான் ஏட்டோ போல்டன் ஸ்டேடியம். சாஞ்சோ தொடங்கிய சென்ட்ரல் எஃப்.சி. அங்கே ஆடும்போது பல சனிக்கிழமைகள் போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால் 'அலங்காரம்' என்ற சொல்லைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன்.

16 ஜூன், காலை 7.10

முதலில் அந்த ஆட்டம். அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். நடுராத்திரி, டிவி அறையில் நாற்பது பேர். முக்கால்வாசிப் பேர் இங்கிலாந்து பக்கம். நானும் இன்னொருவனும் மட்டும் டிரினிடாடின் சிவப்புச் சட்டை பக்கம்.

டிரினிடாட் அன்று எப்பேர்ப்பட்ட அணி என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். மக்கள்தொகை 13 லட்சம். ஆண்கள் உலகக் கோப்பைக்கு அதுவரை வந்ததிலேயே சின்ன நாடு. தகுதிச் சுற்றில் பஹ்ரைனுடன் சொந்த ஊரில் 1-1 என்று சமன் செய்துவிட்டு, மனாமாவுக்குப் போய் டென்னிஸ் லாரன்ஸ் தலையால் முட்டிய ஒரே கோலில் உள்ளே வந்தவர்கள். மறுநாள் நாட்டுக்கே விடுமுறை விட்டார்கள்.

முதல் ஆட்டம் ஸ்வீடனுடன் டார்ட்முண்டில். கோல்கீப்பர் கெல்வின் ஜாக் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் காயப்பட, கடைசி நிமிடத்தில் ஷாகா ஹிஸ்லாப் கையுறை மாட்டினார். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஏவரி ஜான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேராக நின்று 0-0. அன்று நடுத்தற்காப்பில் லாரன்ஸும் சாஞ்சோவும். சாஞ்சோ அப்போது ஸ்காட்லாந்தில் டண்டீ கிளப் ஆட்டக்காரர்.

ஐந்து நாள் கழித்து இங்கிலாந்து. முதல் பாதி முடியும் நேரத்தில் டிரினிடாடின் ஸ்டெர்ன் ஜான் முட்டிய பந்தை கோல் கோட்டிலிருந்து ஜான் டெர்ரி காலால் எடுத்துப் போட்டார். 82 நிமிடம் 0-0. 83ஆவது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து பெக்கம் அனுப்பிய பந்து, கிரவுச்சின் கை, சாஞ்சோவின் சடை. ஜப்பான் நடுவர் கமிகாவாவின் கண்ணில் அது படவில்லை. கூடுதல் நேரத்தில் ஜெரார்ட் இன்னொன்று போட்டார். 2-0.

மறுநாள் வெளியான படத்தில் சாஞ்சோவின் தலை பின்னுக்கு வளைந்திருக்கும், கிரவுச்சின் கை முழுதாகத் தெரியும். அந்தப் படம் அவரை உலகத்துக்குத் தெரிய வைத்தது. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மற்ற எல்லாவற்றையும் மறைத்ததும் அதே படம்தான்.

16 ஜூன், காலை 8.40

ஒரு திருத்தம். சாஞ்சோ 2003 முதல் 2005 வரைதான் டண்டீயில் இருந்தார். உலகக் கோப்பைக்கு வந்தபோது கில்லிங்கம், இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக். அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன். டண்டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது, மறக்காமல் திரும்பி வருகிறேன்.

16 ஜூன், இரவு 10.50

5,644 டாலர் 8 சென்ட்.

அவருடைய நிர்வாக வாழ்க்கை எனக்கு இந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது. அமைச்சர் பதவியிலிருந்தும் இல்லை, கிளப் தொடங்கிய நாளிலிருந்தும் இல்லை.

ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் ஆட்டக்காரர்களும் டிரினிடாட் கால்பந்துச் சம்மேளனத்தின் சிறப்பு ஆலோசகரான ஜாக் வார்னரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உலகக் கோப்பையால் வரும் வணிக வருமானத்தில் பாதி ஆட்டக்காரர்களுக்கு. வார்னர் யார் என்று இங்கே பலருக்குத் தெரியும்: வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கால்பந்துக் கூட்டமைப்பான கான்ககாஃபின் அப்போதைய தலைவர், ஃபிஃபா துணைத் தலைவர், அந்தத் தீவின் கால்பந்தில் எந்தக் கதவுக்கும் சாவி வைத்திருந்தவர்.

2006 அக்டோபரில் சம்மேளனம் கணக்குக் காட்டியது. வருமானம் 1 கோடியே 82.5 லட்சம் டிரினிடாட் டாலர். செலவு போக மீதி சொற்பம், அதில் பாதியைப் பிரித்தால் ஆளுக்கு 5,644.08. அன்றைய மாற்று விலையில் 900 அமெரிக்க டாலர்கூட இல்லை, நம் பணத்தில் சுமார் 40,000 ரூபாய். உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடியதற்கு!

பெரிய கிளப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பதினாறு பேர் போகவில்லை. ஹிஸ்லாப், ஜாக், சாஞ்சோ எல்லாம் அதில் இருந்தார்கள். லண்டனிலுள்ள விளையாட்டுத் தகராறுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். இதற்கிடையில் தகவல் அறியும் சட்டத்தின் மூலம் அரசிடமிருந்து இன்னொரு எண் வெளியே வந்தது: 17 கோடியே 30 லட்சம். சம்மேளனம் காட்டியதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல்.

2008இல் தீர்ப்பு ஆட்டக்காரர்கள் பக்கம். உடன்பாடு செல்லும், பாதிப் பங்கு கொடுக்க வேண்டும். அப்புறமும் பணம் வரவில்லை. உயர் நீதிமன்றம், இடைக்காலத் தொகை, அதிலும் இழுபறி. 2012இல் அமீனா போய் சம்மேளன அலுவலகத்துச் சாமான்களை ஜப்தி செய்கிற அளவுக்கு வந்தது. முழுக்க முடிந்தது 2014இல். எட்டு வருஷம்.

அந்த எட்டு வருஷத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி தென்பட்ட முகங்களில் ஒன்று சாஞ்சோவுடையது. ஒரு கால்பந்து அமைப்புக்குப் பணம் எந்த வழியாக வருகிறது, எந்தச் சீட்டில் எழுதப்படுகிறது, எங்கே காணாமல் போகிறது என்பதைக் கணக்கைத் தரமாட்டேன் என்றவர்களோடு சண்டை போட்டுத் தெரிந்துகொண்டவர். தம்பி, இது அலங்காரம் இல்லை.

17 ஜூன், காலை 6.55

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்து ஆட்டம் நம் நேரப்படி இரவு 9.30க்குத் தொடங்கியது, நீங்கள் எப்படி நடுராத்திரி பார்த்தீர்கள்?"

சரியாகச் சொல்கிறார். நூரம்பெர்கில் மாலை ஆறு என்றால் இங்கே ஒன்பதரைதான். டிவி அறையில் நாற்பது பேர் இருந்ததற்கும் அதுதான் காரணம். என் நினைவில் இருந்த நடுராத்திரி வேறு ஆட்டம், ஜூன் 20, கைசர்ஸ்லாட்டர்னில் பராகுவேயுடன். நமக்கு 12.30. அறையில் நான்கு பேர்கூட இல்லை.

அந்த ஆட்டத்தை நான் இதுவரை எழுதாததற்கும் காரணம் உண்டு, இப்போதுதான் எனக்கே புரிகிறது. 25ஆவது நிமிடத்தில் பராகுவேயின் ஃப்ரீகிக் ஒன்று சாஞ்சோவின் தலையில் பட்டு சொந்த வலைக்குள் போனது. கடைசியில் பராகுவேயின் குவேவாஸ் இன்னொன்று போட்டு 2-0. டிரினிடாட் அந்தத் தொடரில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. தவறு நடந்தும் தண்டனை இல்லாத கோல் ஒன்று, தானே போட்டுக்கொண்ட கோல் ஒன்று, இரண்டும் அவர் பெயரோடு போனது. ஐந்து நாள் இடைவெளியில்.

நான் கல்லூரி அணியில் நடுத்தற்காப்பு ஆடியவன். சொந்த வலைக்குள் போட்டுவிட்டு மைதானத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். யாரும் திட்ட மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் முதுகில் தட்டுவான், அதுதான் தாங்காது. அந்த இரவு டிவியில் சாஞ்சோவின் முகத்தைப் பார்த்து எழுந்து போய் வெளியே நின்றேன்.

18 ஜூன், இரவு 9.30

டண்டீ விஷயம்.

சாஞ்சோ படித்தது நியூயார்க்கில், செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில். அப்புறம் பின்லாந்து, அமெரிக்காவின் கீழ்நிலை லீக்குகள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். 2003இல் டண்டீக்குப் போனது பெரிய உயர்வு. இத்தாலிய நட்சத்திரம் ரவனெல்லி போன்றவர்களை எல்லாம் அந்த வருஷம் டண்டீ வாங்கியிருந்தது. ஆனால் நவம்பரிலேயே கிளப் திவாலாகி, கடன்காரர்களுக்காக நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குப் போனது. ஒரே நாளில் பதினைந்து ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாஞ்சோ தப்பித்தார். உடைமாற்றும் அறையில் பாதி ஆணிகள் காலியாக இருக்கும்போது மறுநாள் பயிற்சிக்குப் போனவர் அவர். 2005இல் டண்டீ முதல் நிலை லீக்கிலிருந்தும் இறங்கியது. சக்திக்கு மீறிச் செலவழிக்கிற கிளப் எப்படி விழும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் மூன்று வருஷத்தில் சம்மேளனத்தின் கணக்கைக் காட்டு என்று கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

19 ஜூன், இரவு 11.45

இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

டிரினிடாடுக்கு முன் நான் வளைகுடாவில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். வேலை முடியும் தறுவாயில் மூன்று மாதச் சம்பளம் நின்றது. பன்னிரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். முதல் வாரத்தில் ஒருவருக்கு அடுத்த வேலைக்கு ஆள் கூப்பிட்டார்கள், அவர் விலகினார். இன்னொருவருக்கு ஊரில் தங்கை கல்யாணம், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். விலகியவர் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் நான்கு பேர் நின்றோம். பதினான்கு மாதம் கழித்து முக்கால்வாசிப் பணம் வந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் ஒவ்வொரு இரவும் ஒரே கேள்விதான்: 'இந்தப் பணத்துக்காக என் பெயர் கெட்டு அடுத்த வேலை கிடைக்காமல் போனால்?'

சாஞ்சோவுக்கும் மற்றவர்களுக்கும் அது அப்படியே நடந்தது. வழக்குப் போட்டவர்களைத் தேசிய அணிக்குக் கூப்பிடுவதைச் சம்மேளனம் நிறுத்தியது. முப்பது வயதுக்குள் இருந்த ஆட்டக்காரனுக்கு நாட்டுச் சட்டை கிடைக்காது என்றால் கிளப்புகளிடம் விலையும் குறையும். எட்டு வருஷம் கழித்துப் பணம் வரலாம், 2007ஆம் வருஷத்து ஆட்டம் வராது. கடைசிக் கணக்கு முடிந்தபோது பதினாறு பேர் பதின்மூன்று பேராகியிருந்தார்கள். அந்த மூன்று பேருக்கு என்ன கட்டாயமோ. பதின்மூன்று பேர் எட்டு வருஷம் நின்றதுதான் எனக்குப் பெரிது.

22 ஜூன், மதியம் 2.15

கேள்வி: "2006இலேயே அரசு அந்த அணிக்குத் தலைக்கு 10 லட்சம் டிரினிடாட் டாலர் பரிசு கொடுத்ததே, அப்புறம் எதற்கு வழக்கு?"

டிரினிடாடிலும் இதையே சொன்னார்கள். எங்கள் ஆலையில் வெல்டர் ஒருவர், மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போனவர்களின் வம்சம், குடும்பப் பெயர் இன்னும் 'சாமி' என்றுதான் முடியும். அவரும் இதே கேள்வியைக் கேட்டார்: "மில்லியன் வாங்கிய பிறகும் பசியா அவர்களுக்கு?"

பரிசு அரசு மனம் உவந்து கொடுத்தது. பங்கு சம்மேளனம் ஒப்புக்கொண்ட கூலி. கல்யாணத்துக்கு மாமா நகை போட்டார் என்பதற்காக முதலாளி சம்பளத்தை நிறுத்த முடியுமா? நான் அவரிடம் இப்படித்தான் சொன்னேன். சிரித்துவிட்டு எனக்கு ஒரு டபுள்ஸ் வாங்கிக் கொடுத்தார். பாரா என்கிற இரண்டு மெத்தென்ற ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு ஊற்றி, மிளகாய்ச் சட்னி விட்டுச் சுருட்டிக் கொடுக்கும் பண்டம். ஸ்டேடியம் வாசலில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், உட்கார்ந்தால் சட்டையில் ஊற்றும்.

23 ஜூன், காலை 10.00

நேற்று எழுதியதை ராத்திரி திரும்பப் படித்தேன். வெல்டர் நண்பரின் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்திருக்கிறது, நான் அதைக் கேட்கவில்லை.

2014இல் பாக்கியைத் தீர்த்தது யார்? அரசு. அதாவது அந்த வெல்டர் கட்டிய வரி. 17 கோடியே 30 லட்சம் எந்தக் கையில் தங்கியதோ அந்தக் கையிலிருந்து வரவில்லை. வார்னர் 2011இலேயே ஃபிஃபாவை விட்டு விலகிவிட்டார். 2010இலிருந்து 2013 வரை நாட்டின் அமைச்சராகவும் இருந்தார். சம்மேளனத்தின் பெட்டி காலி.

ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள் என்று 16ஆம் தேதி எழுதியபோது எனக்குள் ஒரு கொண்டாட்டம் இருந்தது. அதில் பாதியை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கூலி கிடைத்தது, அது நியாயம். ஆனால் இழப்பை ஏற்றுக்கொண்டவர்கள் அந்தத் தகராறில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள். சாஞ்சோவைக் குறை சொல்லவில்லை. அவர் வேறு யாரிடம் வாங்க முடியும்?

30 ஜூன், மாலை 5.30

ஒரு வாரம் ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலை, எழுத முடியவில்லை. கிளப் பற்றி யாரோ நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள்.

2012இல் கெவின் ஹாரிசன் என்பவரோடு சேர்ந்து சென்ட்ரல் எஃப்.சி.யைத் தொடங்கினார். தீவின் நடுப்பகுதி, முன்பு சர்க்கரை ஆலைகள் இருந்த, பின்னால் எரிவாயு ஆலைகள் வந்த பக்கம். அங்கே கிரிக்கெட்தான் ராஜா. டெர்ரி ஃபென்விக் சில காலம் பயிற்சியாளர். 1986இல் மரடோனா பாதி மைதானத்தைக் கடந்து போட்ட கோலில் அவர் தாண்டிப்போன இங்கிலாந்து டிஃபெண்டர்களில் ஒருவர்தான் ஃபென்விக். உலகக் கோப்பைக் கோல் ஒன்றில் காலத்துக்கும் தோற்ற பக்கமாக நிற்கிற டிஃபெண்டர்கள் இரண்டு பேர் ஒரே கிளப்பில்! அவர்கள் தங்களுக்குள் இதைப் பேசியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நான் போன ஆட்டங்களில் கூட்டம் சில நூறுதான். பத்தாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம், 2001இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குக் கட்டியது. காலி நாற்காலிகளில் குரல் எதிரொலிக்கும். பயிற்சியாளர் கத்துவது மேல்வரிசை வரை கேட்கும். அந்த நிலையில் கிளப் 2014-15, 2015-16, 2016-17 என்று மூன்று முறை தொடர்ந்து லீக் ஜெயித்தது. 2015, 2016 இரண்டு வருஷமும் கரீபியன் கிளப் சாம்பியன். கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக்கில் எல்.ஏ. கேலக்ஸியோடு ஒரே பிரிவில் ஆடியது. தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

கோப்பைகளை விட ஒரு பையனைச் சொல்ல வேண்டும். லீவை கார்சியா. தென்கோடியில் சாண்டா ஃப்ளோராவிலிருந்து வந்தவன். சென்ட்ரலிலிருந்து 2015இல் நெதர்லாந்தின் ஏ.இசட். அல்க்மார் கூட்டிக்கொண்டு போனது. 2023இல் ஏதென்ஸில் ஏ.இ.கே. அணியோடு கிரேக்க லீக் ஜெயித்தான். பெல்மான்டிலிருந்து ஐரோப்பா போக சாஞ்சோ எத்தனை ஊர் சுற்றினார் என்று நினைத்துப் பாருங்கள். கார்சியாவுக்கு அந்தச் சுற்று வேண்டியிருக்கவில்லை. கிளப் நிர்வாகி ஒருவரால் ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிதாக என்ன செய்ய முடியும்?

30 ஜூன், இரவு 8.20

மேலே விட்டுப்போனது. டிரினிடாடின் வில்லிஸ் பிளாசாவை நான் முதலில் பார்த்தது கூவாவில், சென்ட்ரல் சட்டையில். அப்புறம் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், பின்னர் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். இந்தியாவின் 2018-19 ஐ-லீக்கில் 21 கோல். அதே 21ஐச் சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சியும் அடித்தார், லீக் சென்னை சிட்டிக்கு வந்தது. நான் அப்போது ஊர் திரும்பியிருந்தேன். சென்னை சிட்டிக்குக் கத்திக்கொண்டே பிளாசாவுக்கும் உள்ளுக்குள் கத்தினேன்.

டார்ட்முண்டில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஸ்வீடன் கோலின் குறுக்குக் கம்பத்தில் பந்தை அடித்த கார்னெல் கிளென்னும் பின்னால் மோகன் பகானுக்கு ஆடினார். ஒரு அங்குலம் கீழே போயிருந்தால் டிரினிடாட் ஜெயித்திருக்கும்.

3 ஜூலை, இரவு 10.10

அமைச்சர் பதவி. இழையைத் தொடங்கியவர் இதைத்தான் கேட்டார், நான் சுற்றிச் சுற்றி இப்போதுதான் வருகிறேன்.

அந்த நாற்காலி அப்போது கறைபட்டிருந்தது. 2014 ஜூலையில் லைஃப்ஸ்போர்ட் என்ற இளைஞர் திட்டத்தின் முறைகேடுகளால் அமைச்சர் அனில் ராபர்ட்ஸ் ராஜினாமா செய்தார். அப்போதைய பிரதமர் கமலா பெர்சாட்-பிசெசரின் அரசுக்குத் தேர்தல் நெருங்குகிறது. சாஞ்சோ செனட்டர் ஆக்கப்பட்டு அமைச்சரானார்.

எனக்கு அப்போது இருந்த உறுத்தல், இப்போதும் இருக்கிறது: வார்னர் அமைச்சராக இருந்ததும் இதே கமலா அரசில்தான். 2013இல் விலகி அவர் தனிக்கட்சி தொடங்கிவிட்டார் என்பது உண்மை. இருந்தாலும் 2010இல் வார்னரைப் பக்கத்தில் உட்கார வைத்த தலைமை, 2015இல் வார்னரிடம் கணக்குக் கேட்டவரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. இந்த ஏழு மாதத்துக்கு மட்டும் தம்பி சொன்ன 'மாலை போட்டு உட்கார வைப்பது' பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஏழு மாதத்தில், அதுவும் தேர்தலுக்கு முன், ஒரு துறையைத் திருத்த யாராலும் முடியாது. கிளப் தொடங்கிய ஒருவரே விளையாட்டு நிதி ஒதுக்கும் துறைக்கு வருவது சரியா என்ற கேள்வியும் நியாயமானதுதான். அவர் மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் எனக்கு அவரை இன்னும் பிடித்திருக்கும்.

4 ஜூலை, காலை 7.00

ராத்திரி எழுதியது கொஞ்சம் கடுமை. கூப்பிட்டபோது போகாமல் இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சுலபம். எட்டு வருஷம் கதவைத் தட்டியவனுக்கு உள்ளே வா என்று ஒரு குரல் கேட்டால் என்ன செய்வான்? நானும் போயிருப்பேன். ஆனாலும் கிளப் பணிதான் பெரிது என்ற என் தீர்ப்பு மாறவில்லை.

9 ஜூலை, இரவு 9.15

"அப்புறம் என்ன ஆனார்" என்பதில் மீதி.

டிரினிடாடின் உள்நாட்டுக் கால்பந்து லீக்கான புரோ லீக்கின் இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். அந்த லீக் 1999இல் தொடங்கியது. டிக்கெட் வருமானம் இல்லை, ஒளிபரப்புப் பணம் இல்லை. அரசு மானியத்தில் நடந்தது. எண்ணெய், எரிவாயு விலை விழுந்தால் மானியமும் விழும், மானியம் தாமதமானால் ஆட்டக்காரன் சம்பளம் தாமதமாகும். கூவாவில் அந்த வருஷங்களில் எங்கள் ஆலைக்கு எரிவாயு குறைவாக வந்த மாதங்களையும், மைதானத்தில் புல் வெட்டாமல் கிடந்த மாதங்களையும் நான் ஒன்றாகவே நினைவு வைத்திருக்கிறேன்.

எனக்கு இதில் ஒரு கனம் தெரிகிறது. சம்பளம் கேட்டு எட்டு வருஷம் நின்றவர், சம்பளம் கொடுக்க வேண்டிய மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். பெட்டியில் பணம் இல்லாதபோது ஆட்டக்காரனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய இடம் அது. கணக்கைத் திறந்து காட்டுகிறவனிடம்கூடப் பணம் இல்லாமல் போகலாம். வார்னர் காலத்தில் பிரச்சினை, பணம் இருந்தும் காட்டாதது. லீக்கின் பிரச்சினை, காட்டுவதற்கே இல்லாதது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சம்மேளனமும் நிற்கவில்லை. 2020 மார்ச்சில் ஃபிஃபா, தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் வாலஸ் நிர்வாகத்தை நீக்கிவிட்டுத் தன் குழுவை நியமித்தது. அவர்கள் நீதிமன்றம் போக, செப்டம்பரில் நாட்டையே இடைநீக்கம் செய்து, நவம்பரில் விலக்கியது. இந்த ஏப்ரலில்தான் கீரன் எட்வர்ட்ஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்.

10 ஜூலை, காலை 6.40

இழையைத் தொடங்கிய தம்பி ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: "அலங்காரம் என்று சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், அமைச்சர் பதவிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்." சரி, அதில் எனக்கும் சம்மதம்.

19 நவம்பர் 2025, காலை 11.30

பழைய இழையைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும். நேற்று கிங்ஸ்டனில் ஜமைக்காவுடன் 0-0 எடுத்து கரீபியன் தீவான குராசாவ் உலகக் கோப்பைக்குள் போய்விட்டது. மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துச் சொச்சம். மிகச் சின்ன நாடு என்று 2018இல் ஐஸ்லாந்து வைத்திருந்த சாதனை போனது. டிரினிடாடும் அதே பிரிவில்தான் இருந்தது. டுவைட் யார்க் பயிற்சியாளர், அணியில் லீவை கார்சியா, ஆனாலும் உள்ளே வர முடியவில்லை.

வெல்டர் நண்பருக்கு போன் செய்தேன். டிரினிடாட் வெளியேறியதில் அவருக்கு வருத்தம், குராசாவ் போனதில் சந்தோஷம், இரண்டையும் சேர்த்து அரைமணி நேரம் பேசினார். கடைசியில் அவராகவே கேட்டார்: "அந்தப் பையன்களுக்குப் பங்கு எவ்வளவு என்று யாராவது எழுதி வாங்கியிருப்பார்களா?"

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர்தான் என்னிடம் "பசியா அவர்களுக்கு" என்று கேட்டவர்.